கல் விளையாத ஊரில்

சின்ன வயதில் மாங்காய் அடிக்க எங்களுக்குக் கல் கிடைக்காது. மாயவரத்துக்குக் கிழக்கே, வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. குனிந்தால் கைக்கு வருவது மண்ணாங்கட்டிதான். அது மரத்தைப் போய்ச் சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். ஓட்டுச் சில்லு கொஞ்சம் தேவலை. நிஜக் கல் வேண்டுமென்றால் தரங்கம்பாடி ரயில் தண்டவாளத்துக்குப் போய் ஜல்லியை டவுசர் பையில் ரொப்பிக்கொண்டு வருவோம். 1986இல் அந்த ரயிலையும் நிறுத்திவிட்டார்கள்.

காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் இது. தோண்டினால் களி வரும், மணல் வரும், தண்ணீர் வரும், பாறை வராது. வீட்டு அம்மி, ஆட்டுக்கல், குளத்துப் படிக்கட்டு எல்லாமே எங்கிருந்தோ வண்டியேறி வந்தவை. 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்துதான் கல் வந்தது என்பார்கள். அதற்கு முன்பே செம்பியன் மாதேவி ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். அந்தக் கற்களும் இந்த மண்ணில் விளைந்தவை அல்ல. டெல்டாவில் எங்கே ஒரு கல் நின்றாலும் அதை யாரோ மெனக்கெட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கல்லறைக் கற்களைத் தேடிப் போவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன். என் மனைவி வேறு காரணம் சொல்வாள், அது இங்கே வேண்டாம்.

உண்மையில் இது தொடங்கியது ஒரு பிழையில்.

இருபது வருடத்துக்கு மேல் டி.டி.பி. கடை வைத்திருந்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கட்சி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது அத்தனையும் என் கீபோர்டு வழியாகத்தான் போகும். பக்கத்தில் ஓர் அண்ணன் கிரானைட் கடை போட்டார். சமையல் மேடைக்கும் வாசப்படிக்கும் கல் அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நாளில் கல்லறைக் கல்லும் செய்யத் தொடங்கினார். எழுத்து வேலை மட்டும் என்னிடம் வரும்.

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் வாசகத்தைக் கணினியில் அடித்து, அளவு பார்த்து, வினைல் ஸ்டிக்கரில் எழுத்துகளை வெட்டுவோம். அதைப் பாலிஷ் போட்ட கருங்கல் பலகையின் மேல் ஒட்டி, எழுத்து வரும் இடத்தில் மட்டும் ஸ்டிக்கரை ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். அப்புறம் அழுத்தக் காற்றோடு பொடி மணலை அதன்மேல் பீய்ச்சினால், ஸ்டிக்கர் இல்லாத இடத்தைக் கல் குழித்துக்கொடுக்கும். குழியில் தங்க நிறப் பெயிண்ட். சேண்ட் பிளாஸ்டிங் என்று பெயர். சொல்ல எளிது. தமிழுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ண, ன, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள்ளே இருக்கும் கடுகளவு ஸ்டிக்கர், நெம்பும்போது கூடவே வந்துவிடும். வந்தால் சுழி அடைத்துப் பொட்டு மாதிரி ஆகிவிடும். புள்ளிக்கு இதற்கு நேர்மாறான கதி. அதை எடுத்தாக வேண்டும், ஆனால் அது கண்ணிலேயே படாது. எடுக்க மறந்தால் கல்லில் புள்ளி விழாது. ‘அன்புடன்’ என்பது ‘அனபுடன’ என்று நிரந்தரமாகக் கல்லில் நிற்கும். எங்கள் கடைப் பையன் ஒருவன் கண்ணாடி போட வேண்டிய வயதுக்கு முன்பே கண்ணாடி போட்டது இந்தப் புள்ளிகளால்தான்.

இந்தக் கருங்கல்லுக்கு கிரானைட் என்று நாம் வைத்த பெயரைப் புவியியல் படித்தவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, டோலரைட் வகை என்பார்கள். படத்தை லேசரில் பொறிக்க அதைவிட்டால் வேறு கல் சரிப்படாது. பாலிஷ் போட்டால் கண்ணாடிபோல் கறுக்கும். லேசர் பட்ட இடம் மட்டும் உடைந்து வெளுத்துச் சாம்பல் நிறமாகும். அந்தக் கறுப்பும் வெளுப்பும்தான் முகம். சிவப்புக் கல்லில் இது எடுபடாது.

சரி, பிழைக்கு வருகிறேன். ஒரு பெரியவரின் முதலாம் ஆண்டு நினைவுக்கு 3 அடிக்கு 2 அடியில் ஒரு கல். பிறந்த வருடம் 1943. நான் 1934 என்று அடித்துவிட்டேன். மகன் கைப்பேசியிலேயே பார்த்து ‘ஓகே’ அனுப்பிவிட்டார். கல் தயாராகி, 30 கிலோவுக்கு மேல் கனம், இரண்டு பேர் தூக்கிப் போய்க் கல்லறையோடு சாய்த்து வைத்தார்கள். மறுநாள் பூசைக்கு வந்த உறவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இறந்தவரின் அக்கா மட்டும் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டுக் கேட்டாராம்: “நான் நாப்பதுல பொறந்தவ. என் முதுகுக்குப் பின்னாடி பொறந்த தம்பி, எனக்கு அண்ணனாயிட்டானா?”

கல்லில் அடித்தல் திருத்தல் கிடையாது. முகப்பையே தேய்த்து மறுபடி பாலிஷ் போடலாம், செலவு அதிகம். கிரானைட் அண்ணன் வேறு வழி சொன்னார். கல்லைத் திருப்பி, பின்பக்கத்துக்குப் பாலிஷ் ஏற்றி, அதில் சரியாக எழுதி, பிழையான பக்கத்தைச் சிமெண்டுக்குள் புதைத்துவிட்டோம். கூலி என் கணக்கு. வேலை முடிந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். அந்த அக்கா வந்து வருடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் மற்ற கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லின் மறுபக்கத்தில், சிமெண்டுப் பூச்சுக்குப் பின்னால், தம்பி இன்னும் அண்ணனாகத்தான் இருக்கிறார்.

அன்றிலிருந்து போகிற ஊரிலெல்லாம் கல்லறைத் தோட்டம் எங்கே என்று விசாரிக்கும் ஆளாகிவிட்டேன். பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம், அவரவர் குடும்பம் இருக்கிறது.

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கல். முகம் பொறிப்பார்களே, அதற்குப் பதில் முழுப் பேருந்தையே முன்னாலிருந்து பொறித்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் காக்கிச் சட்டையோடு அவர் நிற்கிறார். ஓய்வு பெறும் நாளில் எடுத்த படமாம். லேசருக்கு வேண்டியது வேண்டாதது தெரியாது, படத்தில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் சுட்டுவிடும். வழித்தடப் பலகை இருக்கிறது. கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம் மிளகாய் இருக்கிறது. கல்லின் உச்சியில் சிலுவை, கீழே திருஷ்டிக்கு எலுமிச்சை. மகளிருக்குக் கட்டணமில்லை என்று 2021க்குப் பிறகு டவுன் பஸ்களில் எழுதினார்களே, அந்த வாசகமும் அப்படியே விழுந்திருக்கிறது. முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. உட்கார்ந்து பார்த்தால், அந்த மனிதர் ஓட்டிய காலம், ஓட்டிய வண்டி, அவருடைய பயம், அவரைக் கேலி செய்திருக்கக்கூடிய பயணிகள் எல்லோரும் அந்த 2 அடிப் பலகைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வசனமும் அவரைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்காது.

இன்னொன்று தையல்காரருடையது. கல்லே இல்லை. கோயில் கோபுரத்துக்குச் சுதை வேலை செய்யும் கொத்தனார் ஒருவர், நிஜ அளவில் ஒரு தையல் மிஷினைச் சிமெண்டில் செய்து சமாதியின் தலைமாட்டில் வைத்திருக்கிறார். சக்கரம், ஊசித் தண்டு, நூல்கண்டு மாட்டும் கம்பி வரைக்கும் இருக்கிறது. வருடா வருடம் கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். மிஷினில் கம்பெனிப் பெயர் எழுதும் இடத்தில் அவர் பெயர். நான் போனபோது ஊசித் தண்டின்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. டெல்டாவுக்கு இயல்பான கல்லறைக் கலை இதுதான் என்று எனக்குத் தோன்றும். கல் இல்லாத ஊரில் சுண்ணாம்பும் செங்கல்லும் மணலும் வைத்து யானை, யாளி, துவாரபாலகர் எல்லாம் செய்து பழகிய கை. தையல் மிஷின் அதற்கு எம்மாத்திரம்?

டைல்ஸ் ஒட்டிய சமாதிகள்தான் இப்போது பெருவாரி. குளியலறை டைல்ஸ், வழுக்காத டைல்ஸ், மரக்கட்டை மாதிரித் தெரியும் டைல்ஸ். எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு சமாதியில் ஆப்பிளும் திராட்சையும் போட்ட சமையலறை டைல்ஸைப் பார்த்துவிட்டு, கூட வந்த நண்பனிடம் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சமாதியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பிச் சொன்னார்: “புது வூடு கட்டி அடுப்படிக்கு ஒட்டுனதுல மிச்சம் தம்பி அது. அந்தப் புள்ள பால் காய்ச்சறதுக்கு முந்தியே போயிடுச்சு.” அதற்கப்புறம் டைல்ஸைப் பற்றி வாய் திறப்பதில்லை.

போட்டோ விஷயத்தில் நானே குற்றவாளி. கோட்டே போடாத மனிதர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறேன். ரேஷன் அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டி, கணினியில் தயாராக வைத்திருக்கும் நீலக் கோட்டுக்கு மேல் உட்கார வைப்பது எல்லா ஸ்டூடியோவிலும் நடப்பதுதான். என்னிடம் இருந்தவை நான்கே கோட்டு. அதனால் எங்கள் வட்டாரக் கல்லறைத் தோட்டங்களில் ஒரே கோட்டைப் பத்துப் பதினைந்து பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ருமேனியாவில் சபன்ட்சா என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே 1935 வாக்கில் ஸ்டான் இயோன் பட்ராஷ் என்ற தச்சர், மரச் சிலுவைகளில் இறந்தவரின் தொழிலைச் செதுக்கி, நீலம் அடித்து, அவரே பேசுவதுபோல் வேடிக்கையான பாட்டும் எழுதி வைக்கத் தொடங்கினார். அதைப் பார்க்க உலகமே போகிறது. வீடியோவில் பார்த்தபோது எனக்கு எங்கள் தையல் மிஷின்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம், அங்கே இறந்தவரின் குடிப்பழக்கத்தையும் எழுதிவிடுவார்களாம். நம் ஊரில் அது நடக்காது.

நம் கற்களின் வாசகங்கள் பலகாலம் மாறவே இல்லை. தோற்றம் – மறைவு. உதயம் – அஸ்தமனம். மண்ணில் – விண்ணில். கிறிஸ்தவக் கல்லறை என்றால் ‘கர்த்தருக்குள் நித்திரை’. கத்தோலிக்கர்கள் ‘ஆன்மா இளைப்பாற மன்றாடுங்கள்’ என்பார்கள். மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று கற்களில் தாத்தா ‘தஞ்சாவூர் ஜில்லா’விலும், மகன் 1991க்குப் பிறகு வந்த ‘நாகை மாவட்ட’த்திலும், பேரன் 2020இல் பிறந்த ‘மயிலாடுதுறை மாவட்ட’த்திலும் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூவருக்கும் இடையில் 10 அடி தூரம்கூட இல்லை.

2018இல் கருணாநிதி இறந்தபோது, ஓய்வில்லாமல் உழைத்தவன் இங்கே ஓய்வுகொண்டிருக்கிறான் என்ற பொருளில் அவர் பேழைமேல் எழுதியிருந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். திருக்குவளைக்காரர் ஆயிற்றே, எங்கள் பக்கம் அந்த வரி ஆழமாகவே இறங்கியது. அடுத்த ஆறு மாதத்தில் அதே மாதிரி வேண்டும் என்று மூன்று குடும்பங்கள் என்னிடம் வந்தன. அதில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். திண்ணையை விட்டு இறங்காமல் சீட்டாடியவர். மகனிடம் எப்படிச் சொல்வது? எழுதிக் கொடுத்தேன். புள்ளி எல்லாம் சரியாக விழுந்திருந்தது.

கேரளத்தில் ஒரு கல்லறையில் க்யூஆர் கோடு பதித்தார்கள் என்று 2023இல் செய்தி வந்ததும், துபாயிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, தன் அப்பாவுக்கும் அப்படிச் செய்யலாமா என்றார். செய்யலாம்தான். கோடு போவது ஒரு இணையப் பக்கத்துக்கு, அந்தப் பக்கத்துக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட மறு வருடம் கல்லில் இருப்பது வெறும் கட்டம் கட்டமான கோலம். கல் நூறு வருடம் இருக்கும், உங்கள் பாஸ்வேர்டு இருக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பா வைத்திருந்த பம்ப்செட்டைப் பொறிக்கச் சொன்னார். நல்ல முடிவு.

பழையதையும் பார்க்கப் போவேன். தரங்கம்பாடி எங்களுக்குப் பக்கம். 1620இல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய ஊர், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய பழைய கல்லறைகளில் உப்புக்காற்று பூச்சைத் தின்று செங்கல் தெரிகிறது. கடலோரத்தில் எந்தப் பூச்சும் நிற்பதில்லை. நான் அங்கே போவது ஒருவருக்காக. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தானே கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள் அடக்கமாகியிருக்கிறார். 1719இல் இறந்தபோது வயது 36. பாதிரியார் என்ற முறையில் அவரைக் கும்பிட நிறையப் பேர் உண்டு. எனக்கு அவர் தொழில் பங்காளி. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். அவை ரொம்பப் பெரிதாக இருந்ததால், இங்கேயே சின்ன எழுத்து வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள். எழுத்துரு அளவு பெரிதாகிப் பக்கம் மிஞ்சிப்போகும் தொல்லை எனக்கு மட்டுமே வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்துக்காகப் பொறையாறு பக்கத்தில் ஒரு பட்டறையும் போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றுதான் இன்றும் பெயர்.

கல்லின் மேல் உள்ள பிடிவாதத்துக்கு ஒரு இடம் காட்டு என்றால் திருவையாறைக் காட்டுவேன். தியாகராஜர் கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டு 1847இல் மறைந்தார். அதனால் எரிக்காமல் காவிரிக்கரையில் சமாதி வைத்தார்கள். பிற்பாடு அது புதர் மண்டிப் போயிற்று. 1920களில் பெங்களூர் நாகரத்னம்மாள் தன் சொத்தைக் கரைத்து அந்த இடத்தை வாங்கிக் கோயிலாகக் கட்டினார். தேவதாசி மரபில் வந்தவர். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில் பாடுவதற்கும் சண்டை போட்டவர். 1952இல் இறந்ததும் அவருக்கும் அங்கேயே நினைவிடம் எழுப்பினார்கள். தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி அவர் சிலை இருக்கிறது. ஜனவரி ஆராதனையின்போது கூட்டத்தில் இது ஒன்றும் தெரியாது. ஆடி வெயிலில் ஒரு மத்தியானம் போங்கள். ஆள் இருக்காது. கீர்த்தனைகள் பொறித்த கல் சுவரும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரும்தான்.

பட்டீஸ்வரம் பக்கத்தில் இன்னொன்று. ராமநாதசுவாமி கோயில் என்று பலகை இருக்கும். உண்மையில் அது பஞ்சவன்மாதேவியின் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில். ராஜராஜனின் தேவிகளில் ஒருவர், ராஜேந்திரனுக்குச் சிற்றன்னை. அவருக்காக ராஜேந்திரன் எழுப்பியது. அங்கே கல்வெட்டின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தேன். வரவில்லை. கூட வந்த தமிழாசிரியர் நண்பர்தான் சொன்னார், சோழர் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ஓலையில் எழுதிய பழக்கம், நாமே போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும் என்று. எனக்கு அப்படியொரு நிம்மதி. ஆயிரம் வருடமாக இந்த மண்ணில் கல்லுக்கும் புள்ளிக்கும் ஒத்துவரவில்லை போலிருக்கிறது.

கூத்தாநல்லூர் நண்பர் ஒருவர் தன் அத்தா அடங்கியிருக்கும் மையவாடிக்கு அழைத்துப் போனார். நான் பார்த்ததிலேயே அமைதியான இடம். மண்மேடு, மீசான் கல், ஒரு செடி, அவ்வளவுதான். சில கற்களில் பெயர்கூட இல்லை. “எது அத்தா கபர்னு எங்களுக்குத் தெரியும், போதாதா?” என்றார். கோட்டு மாட்டிவிடும் தொழில் செய்தவனிடம் இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆனால் பெயர் இருந்தே ஆக வேண்டிய இடங்களும் இங்கே உண்டு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்த 44 பெயர்களும் கல்லில் இருக்கின்றன. வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் குழந்தைகளின் பெயர்கள் வரும். அங்கே எழுத்துரு, அளவு, பிழை எதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 36 வருடம் கழித்து, அதற்கு மறுநாள் தேதியில், 2004 டிசம்பர் 26இல் சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். மொத்தமாகக் குழி வெட்டி அடக்கம் செய்ததில் யார் எங்கே என்று தெரியாது. வேளாங்கண்ணியில் நினைவு ஸ்தூபி இருக்கிறது, டிசம்பரில் அதன் அடியில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு, அதையே தன் பிள்ளையின் கல்லறையாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

கல் நடுவதற்கு முன்னால் பிணம் போய்ச்சேர வேண்டுமே. டெல்டாவில் பல சேரிகளுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. வரப்பில், நடவு நட்ட வயலில், மார்பளவு வாய்க்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். சுடுகாடே தெருவுக்கு ஒன்றுதான். கிறிஸ்தவத்திலும் விட்டதா? திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நின்ற சாதிச் சுவரைப் பற்றி எத்தனையோ வருடம் பேசினார்கள். கல்லறைக் கற்களை ரசிக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம், ஒரு கல்கூட இல்லாத அந்த மேடுகளும் ஞாபகம் வரத்தான் செய்கிறது. அவற்றுக்கு நான் ஒரு எழுத்தும் அடித்ததில்லை.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஐப்பசி அடைமழை. எங்கள் பக்கத்தில் அந்த நாளில் மழை இல்லாமல் இருந்ததே இல்லை. முதல் நாளே சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். மறுநாள் பாதி ஒழுகிப் புல்லில் வெள்ளையாகக் கிடக்கும். சாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு போனார். எல்லோரும் தண்ணீர் பாட்டிலை நடுவில் அறுத்து மெழுகுவத்திமேல் கவிழ்த்திருந்தார்கள். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சேற்றில் மிதந்தன.

ஓரமாக ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்து கறுப்புக் கல்லைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். புருஷனும் பொண்டாட்டியுமாக ஒரே கல். இடது பக்கம் தாத்தாவின் பெயர், தோற்றம், மறைவு. வலது பக்கம் பாட்டியின் பெயர், தோற்றம். மறைவுக்கு நேரே வெறுங்கல். இப்படிச் செய்வது இப்போது சகஜம். கல் ஒரு தடவைதான் வரும், தேதியைப் பிறகு ஆள் வந்து உளியால் வெட்டிவிட்டுப் போவார். சகஜம்தான் என்றாலும், சொந்தப் பெயரைத் துடைத்துக்கொண்டிருப்பவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் கல்லையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “என்ன தம்பி, தெரிஞ்சவங்களா?” என்றார்.

“இல்ல பாட்டி, சும்மா எழுத்தப் பாத்தேன்.”

“எழுத்தா? இத பாருங்க.” ஈர விரலைத் தன் பெயரின் கடைசியில் வைத்தார். ‘அம்மாள்’ என்று முடிய வேண்டியது ‘அம்மாள’ என்று நின்றது. “அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நான். புள்ளி இல்ல. பேரன்கிட்ட சொன்னா, யாரு பாக்கப் போறாங்கறான்.”

அந்தக் கல் என் கடையில் போனதுதானா என்று நினைவில்லை. எழுத்துரு என்னுடையது மாதிரியே இருந்தது. சமாளிக்க வேண்டுமே என்று, “ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுலயே புள்ளி கெடையாது பாட்டி” என்றேன்.

“அவரு ராஜா. புள்ளி இல்லாட்டியும் படிச்சிக்குவாங்க.” மறுபடி முந்தானையைப் பிழிந்து துடைக்கத் தொடங்கினார். கொஞ்சம் கழித்து, தலையைத் தூக்காமலேயே சொன்னார்: “எப்படியும் தேதி வெட்ட ஆளு வருவான்ல. அப்ப அந்தப் புள்ளியையும் சேத்துப் போட்டுடச் சொல்லுங்க. ரெண்டு தடவ கூலி குடுக்க வேணாம்.”